ஊசியா? ஊரடங்கா?



2021-இல் கொரோனாவின் இரண்டாம் அலை வீசியபோது திண்ணைக்குத் திண்ணை ஒரே விவாதம். "மொதல்ல கடையத் தெறக்கச் சொல்லுங்க, வயித்தப் பாக்க வேணாமா?" என்றார் ஒருவர். "எல்லாரும் ஊசி போட்ட பொறவு தெறக்கலாம்" என்றார் மற்றவர். இரண்டு பேச்சிலும் நியாயம் உண்டு. நாளைக்கு வேறொரு தொற்று வந்தாலும் இதே கேள்வி எழும். ஆகவே விவரம் அறிந்து வைப்பது நல்லது.

"ஊரடங்கு போட்டா நோய் ஒழிஞ்சிடுமா?"

ஒழியாது. பரவும் வேகம் குறையும். படுக்கையும் ஆக்ஸிஜனும் கிடைக்காமல் நோயாளிகள் திண்டாடும் நிலை தணியும். அதற்காகத்தான் தமிழ்நாட்டில் 2021 மே 10 முதல் முழு ஊரடங்கு வந்தது. ஆனால் கூலி வேலை நின்றால் அடுப்பு எரியாது. பிள்ளைகளுக்குப் பள்ளியும் இல்லை, சூடான சத்துணவும் இல்லை. எனவே ஊரடங்கை நெடுநாள் நீட்டிக்க முடியாது. அது கொடுக்கும் அவகாசத்தில் ஊசி போட்டுக் கொள்ள வேண்டும்.

"ஊசி போட்டவங்களுக்கும் காய்ச்சல் வந்துச்சே?"

உண்மைதான். ஊசி தொற்றை முழுவதும் தடுக்கவில்லை. ஆனால் நோய் முற்றுவதையும், உயிர் போவதையும் பெருமளவு தடுத்தது.

"ஊசியால ஆபத்துன்னு சொன்னாங்களே?"

கைவலியும் காய்ச்சலும் ஓரிரு நாளில் தீரும். கோவிஷீல்டு போட்டவர்களில் மிக அரிதாகச் சிலருக்கு இரத்தம் உறையும் கோளாறு வந்தது. இதை மறைக்கத் தேவையில்லை. முதியோருக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் கொரோனாவால் வந்த ஆபத்து அதைவிடப் பல மடங்கு பெரிது.

"அப்போ கட்டுப்பாட்டை எப்பத்தான் தளர்த்துறது?"

தேதி பார்த்து அல்ல, நிலைமை பார்த்து.

1. பரிசோதித்த 100 பேரில் தொற்று உள்ளவர் 5-க்கும் கீழே இரண்டு வாரம் நீடிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதத்தில் சொன்ன அளவு இது.
2. ஆஸ்பத்திரியில் படுக்கை காலியாக இருக்க வேண்டும்.
3. முதியோரும் நோயாளிகளும் ஊசி போட்டு முடித்திருக்க வேண்டும்.

தளர்வும் படிப்படியாகத்தான் வந்தது. 2021 செப்டம்பர் 1-இல் 9 முதல் 12 வகுப்புகளும், நவம்பர் 1-இல் 1 முதல் 8 வகுப்புகளும் திறந்தன. ஒமிக்ரான் பரவியதால் 2022 ஜனவரி 6-இல் இரவு ஊரடங்கு திரும்பியது. தொற்று பலருக்கு வந்தும், ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் முன்னைவிடக் குறைவு. ஜனவரி 28-இல் அது நீங்கியது.

"கொரோனாதான் அடங்கிடுச்சே, இப்ப என்ன?"

தட்டம்மை அடங்கவில்லை, தாயே! 100 குழந்தைகளில் 95 பேராவது இரு தவணையும் போட்டால்தான் அது ஊருக்குள் பரவாது. முதல் தவணை 9 மாதம் முடிந்ததும். இரண்டாவது 16 முதல் 24 மாதத்துக்குள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். சந்தேகம் இருந்தால் கிராம சுகாதார செவிலியரிடம் தயங்காமல் கேளுங்கள்.

காலத்தில் ஊசி போடுவோம்! கதவடைப்பைத் தவிர்ப்போம்!