மூன்றாம் பூ

நாஞ்சில் நாட்டு வயலுக்கு இரண்டு பூ: கன்னிப்பூ, கும்பப்பூ. கணக்கில் வராத மூன்றாவது பூ ஒன்றும் எங்கள் பக்கம் உண்டு. ஆனிச் சாரலில் தொடங்கி ஐப்பசி அடைமழை ஓய்கிறவரை வீட்டில் எது வேண்டுமானாலும் பூக்கும். செருப்பு பூக்கும். கல்யாண ஆல்பம் பூக்கும். அலமாரியில் மடித்து வைத்த வேட்டி, மடிப்பிலேயே பூக்கும். குலசேகரம் பக்கம் காயப்போட்ட ரப்பர் ஷீட்டும், வெயில் முகம் காணாத கொப்பரையும் பச்சையும் கறுப்புமாகப் பூத்துக் கிடக்கும். ‘பூத்துப்போச்சு’ என்று ஒரு துணியால் துடைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம்.

வைக்கோல் படப்பைப் பிரிக்கும்போது கிளம்பும் புழுதியில் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் வித்துகள் கணக்கற்று இருக்கும். மூச்சோடு அவை உள்ளே போகின்றன. நுரையீரலில் காவல் இருக்கும் அணுக்கள் அவற்றை விழுங்கிவிடுகின்றன. ஒன்றும் ஆவதில்லை, அநேகம் பேருக்கு. அந்த ‘அநேகம் பேரி’ல் அடங்காதவர்களைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

தக்கலைப் பக்கம் முப்பது வயதுப் பெண் ஒருத்தி என்று வைத்துக்கொள்வோம். காலையில் எழுந்தால் விரல் மடங்கவில்லை. வாதம் என்று சொல்லி ஆசானிடம் எண்ணெய் வாங்கித் தேய்க்கிறாள். பிறகு வெயிலில் நின்றால் கன்னம் சிவக்கிறது, முடி கொத்தாகக் கொட்டுகிறது, கால் வீங்குகிறது. மாதங்கள் கழித்து ரத்தம் பரிசோதித்து லூபஸ் என்கிறார்கள். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் உடம்பையே அந்நியன் என்று நினைத்து அடிக்கும் தீனம் அது. தோலை இறுக்கும் ஸ்க்ளீரோடெர்மா, தசையையும் தோலையும் வதைக்கும் டெர்மடோமயோசைட்டிஸ், கண்ணீரையும் எச்சிலையும் வற்றவைக்கும் ஷோகிரன் எல்லாம் இதே குடும்பம். இணைப்புத் திசு நோய்கள் என்று பொதுப்பெயர். லூபஸ் வந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்கள்.

இவர்களைக் காப்பாற்றுவதும் இடறிவிடுவதும் ஒரே மருந்து. 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், முடக்குவாதத்தால் நகர முடியாமல் கிடந்த ஒரு பெண்ணுக்குக் கார்டிசோன் ஊசி போட்டார். சில நாளில் அந்தப் பெண் எழுந்து கடைவீதிக்கு நடந்தே போய்வந்தார். 1950-ல் ஹென்ச்சுக்கும், அந்த மருந்துக்கு வழி திறந்த கெண்டல், ரைக்ஸ்டைன் இருவருக்கும் நோபல் பரிசு. ஸ்டீராய்டு யுகம் அப்படித் தொடங்கியது. சிறுநீரகத்தைத் தின்னும் லூபஸை இன்றைக்கும் அது இல்லாமல் அடக்குவது கடினம். கூடவே சைக்ளோபாஸ்பமைடு, மைக்கோபினோலேட் போன்றவையும் சேரும். வீட்டுக்காரரையே கடிக்கிற காவல்நாயைச் சங்கிலியில் கட்டும் வேலைதான் இவற்றுக்கு. கட்டாமல் தீராது. ஆனால் நாய் கட்டிக்கிடக்கிற வீடு என்று கள்ளனுக்குத் தெரிந்துவிடும்.

கள்ளன் வந்ததை அறிவதுதான் பெரும்பாடு. லூபஸ் கிளம்பினாலும் காய்ச்சல், கிருமி நுழைந்தாலும் காய்ச்சல். முதலாவது என்றால் ஸ்டீராய்டைக் கூட்ட வேண்டும். இரண்டாவது என்றால், கூட்டுகிற ஸ்டீராய்டே ஆளைக் கொண்டுபோய்விடும். இதில் இன்னொரு சங்கடமும் உண்டு: ஸ்டீராய்டு காய்ச்சலையே மறைக்கும். உள்ளே பற்றி எரியும்போது வெப்பமானி நூறைக்கூடத் தொடாமல் இருக்கலாம்.

நம் பெண்ணுக்கு மூன்று வாரமாகத் தலைவலி. பேச்சு குழறுகிறது, வைத்த பொருளை மறக்கிறாள், ஒன்று இரண்டாகத் தெரிகிறது. லூபஸ் மூளைக்கும் போகும், ஆகவே அதுவாகவே இருக்கலாம். கிரிப்டோகாக்கஸாகவும் இருக்கலாம். புறா எச்சம் காய்ந்த தூளில் வளரும் ஈஸ்ட் இது. கோயில் கோபுரம், தேவாலய மாடம், ஏசி பெட்டியின் முதுகு என்று புறா அடையும் இடமெல்லாம் இதற்கும் இடம். நுரையீரல் வழியாகப் போய் மூளையைச் சுற்றிய சவ்வில் குடியேறும். இரண்டில் எது என்று தெரிய முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுக்க வேண்டும். வராந்தாவில் அம்மா குறுக்கே நிற்பாள்: “முதுகுல ஊசி குத்தினா அப்புறம் எந்திக்கவே மாட்டா டாக்டரே, வேண்டாம்.” இந்தப் பயம் எங்கள் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. ஆனால் இந்த ஒரு பயத்தால் கைநழுவும் நாட்களுக்கு விலை அதிகம்.

எடுத்த நீரில் ஒரு துளியோடு ஒரு துளி கறுப்பு மை. இந்தியன் இங்க்தான், அந்தக் காலத்தில் பத்திரிகை ஓவியர்கள் தொடுகதைக்குப் படம் வரைந்த அதே மை. (பிறந்த இடம் சீனா, பெயர் மட்டும் நம்முடையது.) கிரிப்டோகாக்கஸைச் சுற்றி வழவழப்பான தடித்த உறை ஒன்று உண்டு. மை அதற்குள் நுழையாது. நுண்ணோக்கியில் பார்த்தால் கறுத்த வெளியில் ஒளிவட்டத்தோடு நிலாக்கள் மிதக்கும். சில ரூபாய்ச் சோதனை. சிலருக்கு இதில் தப்பிவிடும் என்பதால், பத்துப் பதினைந்து நிமிடத்தில் பதில் சொல்லும் ஆன்டிஜென் பட்டை வந்திருக்கிறது. எச்.ஐ.வி. நோயாளிகளுக்காகப் பரவிய அந்தப் பட்டை லூபஸ் நோயாளிக்கும் அதே வேலையைச் செய்யும். ஒவ்வொரு மாவட்டத்திலும் இரவு பகல் கிடைக்கும்படி அது இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

கள்ளனுக்கு வேறு வேடங்களும் உண்டு. ஸ்க்ளீரோடெர்மாவில் உணவுக்குழாய் அசைவு குறைந்து சோறு இறங்காது. பழைய தொல்லைதானே என்று விட்டால், உள்ளே கேண்டிடா வெள்ளை வெள்ளையாகப் படர்ந்திருக்கும். வறட்டு இருமல், நாலு படி ஏறினால் இளைப்பு. நுரையீரலைத் தொட்ட அடிப்படை நோயாகவும் இருக்கலாம், நியூமோசிஸ்டிஸாகவும் இருக்கலாம். இந்த நியூமோசிஸ்டிஸ் விசித்திரப் பிறவி. நெடுங்காலம் ஒருசெல் விலங்கு வகை என்றே நினைத்திருந்தார்கள். 1988-ல் மரபுப்பொருளைப் படித்த பிறகுதான் பூஞ்சை என்று தெரிந்தது. ஆனாலும் வழக்கமான பல பூஞ்சை மருந்துகளுக்கு மசியாது, பழைய சல்பா கூட்டு மாத்திரைக்கு மசியும். தினம் இருபது மில்லிகிராமோ அதற்கு மேலோ பிரெட்னிசோலோனை ஒரு மாதம் தாண்டி, அதுவும் வேறு எதிர்ப்பாற்றல் அடக்கியோடு எடுக்கிறவர்களுக்கு, இந்த மலிவு மாத்திரையை முன்காப்பாகத் தரலாமா என்று மருத்துவர்கள் யோசிப்பார்கள். லூபஸ்காரர்களுக்குச் சல்பா ஒத்துக்கொள்ளாமல் போவது அதிகம் என்பதால் கண்ணை மூடிக்கொண்டும் தர முடியாது.

கறுப்புப் பூஞ்சையை யாருக்கும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 2021 மே மாதம் தமிழ்நாடு அரசு மியூகோர்மைக்கோசிஸை அறிவிக்கை செய்யப்பட வேண்டிய நோயாக்கியது. அந்த ஜூலையில் நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்குப்படி நாடு முழுக்க 45 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வந்திருந்தது, 4,300-க்கும் மேற்பட்டவர்கள் இறந்திருந்தார்கள். கொரோனாவோடு சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்த கூத்து அது. ஊர் முழுக்கச் சில வாரம் அனுபவித்ததை லூபஸ் நோயாளி வருடக்கணக்காகச் சுமக்கிறாள். ஸ்டீராய்டால் சர்க்கரை ஏறும், ஏறிய சர்க்கரை மியூகோருக்கு எரு. ஒருபக்கக் கன்னம் மரத்துப்போவது, மூக்கிலிருந்து கறுத்த சளி, கண் வீக்கம் என்றால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது.

மருந்து இருக்கிறது, ஆனால் லேசானதில்லை. வெனிசுவேலாவின் ஒரினோகோ ஆற்றுப் பக்கத்து மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து 1950-களில் பிறந்தது ஆம்போடெரிசின் பி. குளிரில் உடம்பைத் தூக்கிப்போடும், சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். லூபஸ் ஏற்கெனவே சிறுநீரகத்தைக் கடித்து வைத்திருக்கும் ஒருத்திக்கு இதைக் கொடுப்பதை நினைத்துப் பாருங்கள். லிப்போசோமல் என்ற கொழுப்புறை வடிவம் அதைவிடச் சாது, விலையில் சாதுவில்லை. 2021-ல் அதற்காக ஊர் ஊராக அலைந்ததை மறந்திருக்க மாட்டோம். வோரிகொனசோல் போன்ற மாத்திரைகள் டாக்ரோலிமஸ் போன்ற எதிர்ப்பாற்றல் அடக்கிகளின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். அதனால் ஒரு மருத்துவர் எழுதுவதை இன்னொருவர் அறிந்திருக்க வேண்டும்.

அங்கேதான் எங்கள் மாவட்டத்துக்குத் தனிச் சிக்கல். 1956 நவம்பரில் தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டோம், பெரிய தீனம் என்றால் இன்றைக்கும் கால் திருவனந்தபுரம் பக்கமே திரும்பும். நாகர்கோவிலிலிருந்து எழுபது கிலோமீட்டருக்குள்தான். வாத நோய் நிபுணர்கள் பெரிய ஊர்களில் குவிந்திருக்கிறார்கள், வைத்தியம் அங்கே நடக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்குக் காய்ச்சல் வருவது இங்கே. கூப்பிட்டால் எழுந்துவருகிற உள்ளூர் மருத்துவருக்கு அந்தத் தடித்த ஃபைலில் எதைப் பார்ப்பது என்று தெரிய வேண்டும். இன்றைக்கு எத்தனை மில்லிகிராம் ஸ்டீராய்டு, கடைசியாக எதிர்ப்பாற்றல் அடக்கும் ஊசி மருந்து ஏறியது எப்போது: இந்த இரண்டு வரி முதல் தாளில் இருந்தால் போதும், பாதி வேலை முடிந்தது.

அண்டை வீட்டு ஆலோசனை இன்னொரு பக்கம். “மொகம் வீங்கிப் போச்சு பாத்தியா மக்களே, அந்த மாத்திரய விட்டிரு.” மாதக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்தவரின் அட்ரீனல் சுரப்பி தூங்கிப்போயிருக்கும். திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து. இதற்கு நேர்மாறாக, இரண்டு வருடத்துக்கு முந்தைய சீட்டை மருந்துக்கடையில் நீட்டி அதே அளவை வாங்கி விழுங்குகிறவர்களும் உண்டு. எனக்கு இவர்களை நினைத்தால்தான் கூடுதல் கவலை.

தக்கலைப் பெண்ணுக்கு மை பார்த்தாயிற்று, வட்டம் எதுவும் தெரியவில்லை. பட்டையும் இல்லை என்றே சொன்னது. தலைவலி லூபஸால்தான் என்று முடிவாகி, கூட்டிய மாத்திரையை இப்போது மெல்லக் குறைக்கிறார்கள். புறாக் கூண்டைத் தம்பி சுத்தம் செய்கிறான், படப்புப் பக்கம் இவளை விடுவதில்லை. சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் தாளில், கிழிப்பதற்கு முன் அன்றைய கணக்கைப் பென்சிலால் எழுதி நோட்டில் ஒட்டுகிறாள்: எட்டு, எட்டு, ஏழு, ஏழு, ஆறரை. ஆடி மாதத்துத் தாள்களின் ஓரத்தில் ஈரம் ஏறி, லேசாகப் பூக்கத் தொடங்கியிருக்கிறது.