புதிய மடிக்கணினியும் தூய நிறுவலும்

புதிதாக வாங்கிய மண்பானையில் அன்றைக்கே உலை வைக்கும் வழக்கம் தமிழர் வீடுகளில் இல்லை. பானையை இரண்டொரு நாள் தண்ணீரில் ஊறவிட்டு, அரிசி கழுவிய நீரை அதில் ஊற்றிக் கொதிக்க வைத்து, மண்வாடை நீங்கிய பின்னரே சோறாக்குவர். கடையிலிருந்து வந்த பொருள் புதியது என்பதனாலேயே தூயதாகிவிடாது என்பது அடுப்படியில் எல்லோரும் அறிந்த செய்தி. ஆயின், பெருந்தொகை கொடுத்து வாங்கும் மடிக்கணினியைப் பற்றி இவ்வாறு எண்ணுவோர் மிகச் சிலரே. பெட்டியைப் பிரித்த அன்றே மகன் தன் பரீட்சைக் குறிப்புகளையும், தகப்பனார் தம் வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லையும் அதனிடம் ஒப்புவித்துவிடுகின்றனர்.

மடிக்கணினியொன்று கடைக்கு வரும்போது அதனுள் மூவகைப் பொருள்கள் இருக்கின்றன. முதலாவது, கண்ணாற் காணப்படும் இயந்திரம். இரண்டாவது, அவ்வியந்திரத்தை இயக்கி ஆளுகின்ற பணிசெயல் முறைமை. பெரும்பாலான மடிக்கணினிகளில் இது மைக்ரோசொப்ட் கம்பனியின் விண்டோஸ் ஆகும். மூன்றாவது, வாங்கியவர் கேளாமலே சேர்த்து வைக்கப்பட்ட பலவகைச் செய்நிரல்கள். முப்பது நாள் மட்டும் இயங்கிப் பின்னர் பணம் கேட்கும் கிருமிகாப்பு நிரல், விளையாட்டுகள், அடிக்கடி தலைநீட்டும் விளம்பரங்கள் ஆகியன இதில் அடங்கும். மடிக்கணினி வணிகத்தில் இலாபம் மிகக் குறுகியது. ஆகவே, தத்தம் நிரல்களைச் சேர்த்து அனுப்புமாறு வேறு கம்பனிகள் கொடுக்கும் பணத்தைத் தயாரிப்பாளர்கள் வேண்டாமென்பதில்லை.

இவை வெறுந் தொல்லையே, இவற்றால் என்ன கெடுதி நேரும் என்று நேயர் ஒருவர் கேட்கலாம். 2014 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நிகழ்ந்த ஒன்று அதற்கு விடையாகும். அக்காலத்தில் லெனோவோ கம்பனி, பொதுமக்களுக்கு விற்ற சில மடிக்கணினி வகைகளில் சுப்பர்பிஷ் என்னும் கம்பனியின் நிரலொன்றைச் சேர்த்து அனுப்பியது. ஒருவர் இணையக் கடையொன்றில் ஒரு பொருளின் படத்தைப் பார்த்தால், அதனையொத்த வேறு பொருள்களின் விளம்பரத்தை அப்பக்கத்தினுள்ளேயே செருகிக் காட்டுவது அந்நிரலின் வேலை. செருகுவதற்கு, அவர் பார்க்கும் பக்கத்தை இடைமறித்துப் படித்தாக வேண்டும். இங்கேதான் விபரீதம் தொடங்கிற்று.

வங்கி போன்ற இணையத்தளங்களோடு கணினி பேசும் பேச்சு, இடையிலுள்ளோர் எவரும் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்பட்டுச் செல்கிறது. எதிர்முனையில் இருப்பது மெய்யான வங்கிதானா என்பதைக் கணினி ஒரு சான்றிதழைப் பார்த்து அறிகிறது. ஆவணப் பிரதியொன்றைச் சமாதான நீதவான் ஒருவர் முத்திரையிட்டு உறுதிப்படுத்தினால், அம்முத்திரையை நம்பி அலுவலகம் பிரதியை ஏற்கிறதன்றோ? அதுபோலவே, நம்பத்தக்க சில நிறுவனங்களின் முத்திரைகளைக் கணினி தன்னுள் வைத்திருக்கிறது. இவை மூலச் சான்றிதழ்கள் எனப்படும். சுப்பர்பிஷ் நிரலோ தன் முத்திரையையும் அப்பட்டியலிற் சேர்த்துக்கொண்டது. அதன்பின், எந்த வங்கியின் பெயரிலும் தானே சான்றிதழ் எழுதித் தானே முத்திரையிட்டு, வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவே அமர்ந்துகொண்டது. கணினியோ எவ்வித எச்சரிக்கையும் காட்டவில்லை.

இதனினும் கொடியது வேறொன்று. அம்முத்திரைக்குரிய இரகசியத் திறவுகோல் எல்லா மடிக்கணினிகளிலும் ஒன்றாகவே இருந்தது. 2015 பெப்ரவரியில் றொபேட் கிரகாம் என்னும் பாதுகாப்பு ஆய்வாளர் அத்திறவுகோலையும், அதனைப் பூட்டி வைத்திருந்த கடவுச்சொல்லையும் கண்டுபிடித்து வெளியிட்டார். கடவுச்சொல், நிரலின் ஒரு பகுதியை ஆக்கிக் கொடுத்த கொமோடியா என்னும் கம்பனியின் பெயரேயன்றி வேறன்று. அத்திறவுகோலைக் கைக்கொண்ட எவனும், தேநீர்க்கடை ஒன்றின் வைபை இணைப்பிலிருந்தபடி, அருகிலிருப்பவரின் மடிக்கணினிக்குத் தன்னை வங்கியாகக் காட்டிக்கொள்ள முடிந்தது. அம்மாதம் 20 ஆந் தேதி ஐக்கிய அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களம் பொதுமக்களை எச்சரித்தது. லெனோவோ மன்னிப்புக் கேட்டது. 2017 செப்டெம்பரில் அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணைக்குழுவோடும் 32 மாநிலங்களோடும் இணக்கத்துக்கு வந்து, மாநிலங்களுக்கு 35 இலட்சம் டொலர் செலுத்த உடன்பட்டது. ஒரு கம்பனியை மட்டும் குறைகூறுதல் நீதியன்று. 2015 நவம்பரில் டெல் கம்பனியின் மடிக்கணினிகளிலும் இத்தகைய மூலச் சான்றிதழொன்று, இரகசியத் திறவுகோலோடு சேர்த்தே வைக்கப்பட்டிருந்தமை வெளிப்பட்டது.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. சுப்பர்பிஷ் நிரலை வழக்கமான முறையில் நீக்கியவர்களின் கணினியில் நிரல் போயிற்று, முத்திரை போகவில்லை. டெல் சான்றிதழை அழித்தவர்களுக்கோ, கணினியை மறுமுறை தொடக்கியபோது அதே சான்றிதழ் திரும்பவும் வந்து நின்றது. அதனை மீள நிறுவும் நிரற்பகுதி வேறோரிடத்தில் இருந்ததே காரணம். களையின் தலையைக் கொய்வதும் கிழங்கைத் தோண்டுவதும் ஒன்றல்ல. ஆதலாற்றான், விவரமறிந்தோர் புதிய மடிக்கணினி வாங்கியதும் அதன் சேமிப்பகத்தை முற்றாக வெறுமையாக்கி, பணிசெயல் முறைமையை அதன் மூலத்திலிருந்தே பெற்று மீண்டும் நிறுவுகின்றனர். இதுவே தூய நிறுவல் எனப்படுவது.

கணினியிலேயே உள்ள மீளமைத்தல் வசதியை இதனோடு குழப்புதல் ஆகாது. அது பெரும்பாலும் தயாரிப்பாளர் சேர்த்தவற்றையும் கூடவே திருப்பிக் கொண்டுவரும். தூய நிறுவலுக்கு வெளியிலிருந்து வந்த விண்டோஸ் வேண்டும். மைக்ரோசொப்ட் தன் இணையத்தளத்தில் இதற்கென ஒரு கருவி நிரலை இலவசமாகத் தருகிறது. குறைந்தது 8 கிகாபைட்டு கொள்ளும் பென்டிரைவ் ஒன்றைச் செருகி அக்கருவியை இயக்கினால், அது விண்டோஸை இறக்கிப் பென்டிரைவில் நிறுவற் பிரதியை ஆக்கிக் கொடுக்கும். அப்போது பென்டிரைவில் முன்பிருந்தவை யாவும் அழிந்துபோகும். கலியாணப் படங்கள் உள்ளதை இதற்கு எடுத்துவிடலாகாது. நம்பத்தக்க வேறொரு கணினியில் இதனைச் செய்வது மேல். விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆந் தேதியோடு முடிந்துவிட்டது. நிறுவவேண்டியது விண்டோஸ் 11 ஆகும்.

விண்டோஸுக்கு மறுபடியும் பணம் கொடுக்க வேண்டுமோ என்ற ஐயம் பலரைத் தடுக்கிறது. வேண்டியதில்லை. விண்டோஸ் 8 வெளிவந்த காலந்தொட்டு, விண்டோஸோடு விற்கப்படும் மடிக்கணினிகளின் உரிமத் திறவெண் தாய்ப்பலகையிலுள்ள சில்லொன்றில் எழுதப்பட்டு வருகிறது. நிறுவும் நிரல் அதனைத் தானே படித்தறியும். ஹோம் பதிப்போடு வந்த கணினியில் ஹோம் பதிப்பையே நிறுவுதல் வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. ஒஃபிஸ் தொகுதியும் சேர்த்து விற்கப்பட்டிருந்தால், அதற்குரிய உரிமையை அழிப்பதற்கு முன்னரே தம் கணக்கிற் பதிந்துகொள்வது நலம். தயாரிப்பாளர் வைத்த மீட்புப் பிரிவும் அழிந்துவிடுமாதலால், ஒருகால் பழைய நிலை தேவைப்படுமென எண்ணுவோர், மீட்புப் பிரதியொன்றை வேறொரு பென்டிரைவில் முதலிலேயே எடுத்துவைத்தல் வேண்டும்.

பலர் இடறி விழுமிடம் இயக்கி நிரல்களாகும். திரை, ஒலி, தொடுதளம், வைபை என ஒவ்வோர் உறுப்புக்கும் அதனை இயக்கும் நிரல் தனித்தனியே உண்டு. புத்தம்புதிய மடிக்கணினியின் வைபை உறுப்பை நிறுவற் பிரதியிலுள்ள விண்டோஸ் அறியாதிருத்தல் கூடும். வைபை இயங்க இயக்கி வேண்டும். இயக்கியை இறக்க வைபை வேண்டும். இவ்வாறு நள்ளிரவில் தலையிற் கைவைத்து அமர்ந்தோர் பலர். சில இன்டெல் மடிக்கணினிகளில் நிறுவும் நிரலுக்குச் சேமிப்பகமே தென்படாது. அதற்கும் தனி இயக்கி கொடுத்தாக வேண்டும். ஆகவே, மடிக்கணினியின் அடியில் ஒட்டப்பட்டுள்ள வகைப் பெயரைக் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் அவ்வகைக்குரிய வைபை, சேமிப்பக இயக்கிகளை முன்னதாகவே இறக்கிவைத்தல் வேண்டும்.

நிறுவும் வேலை இவ்வளவு கடினமன்று. பென்டிரைவைச் செருகி, மடிக்கணினியை மின்னிணைப்பில் வைத்துத் தொடக்கியவுடன், தொடக்கப் பட்டியலுக்குரிய விசையை அழுத்துதல் வேண்டும். சில கம்பனிகள் எஃப் 12 என்பர், சில எஃப் 9 என்பர், சில எஸ்கேப் என்பர். பின்னர் நிறுவும் நிரல் சேமிப்பகத்தின் பிரிவுகளைப் பட்டியலிட்டுக் காட்டும். அவற்றை ஒவ்வொன்றாக அழித்து, முழுவதும் ஒதுக்கப்படாத இடமாகத் தோன்றியபின் அவ்விடத்தைத் தெரிந்தெடுத்தால் போதும். தேவையான பிரிவுகளை விண்டோஸே ஆக்கிக்கொள்ளும். இங்கு அழித்தது மீளாது. ஆதலால் வெளிச் சேமிப்பகங்களை முன்னரே கழற்றிவிட்டு, மடிக்கணினியில் இரண்டு சேமிப்பகங்கள் இருப்பின் எது எதுவென அளவைப் பார்த்து உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

இவ்வாறு செய்தபின் கணினி முற்றிலும் தூயதாயிற்றெனச் சொல்லிவிடலாமோ? 2015 இல் அவ்வாறு நம்பிய ஒருவர் ஏமாந்தார். அவர் லெனோவோ மடிக்கணினியொன்றில் விண்டோஸை அடியோடு புதிதாக நிறுவினார். ஆயினும், அக்கம்பனியின் நிரல் மறுபடியும் உள்ளே வந்திருக்கக் கண்டார். சேமிப்பகம் வெறுமையாக்கப்பட்டது மெய். ஆயின் அந்நிரலின் வித்து சேமிப்பகத்தில் இருக்கவில்லை. தாய்ப்பலகைச் சில்லில், இயந்திரத்தைத் துயிலெழுப்பும் பயோஸ் என்னும் நிரலினுள்ளே அது இருந்தது. விண்டோஸ் தொடங்குமுன் அது விண்டோஸின் கோப்பொன்றை எடுத்துவிட்டுத் தன் கோப்பை அவ்விடத்தில் வைத்தது. அக்கோப்பு இணையத்தினூடாக ஏனையவற்றை இறக்கிற்று. அதில் பாதுகாப்புக் குறைபாடிருந்ததை ஆய்வாளர் ஒருவர் அறிவித்தார். 2015 ஜூலை 31 ஆந் தேதி லெனோவோ அதனை நீக்கும் பயோஸ் திருத்தத்தை வெளியிட்டது. ஆனால் அத்திருத்தத்தைப் பயன்படுத்துவோர் தாமே இறக்கி நிறுவிக்கொள்ள வேண்டியிருந்தது.

பயோஸிலுள்ள நிரலொன்றை விண்டோஸ் தானே எடுத்து இயக்கும் வசதியை மைக்ரோசொப்ட் விண்டோஸ் 8 இல் ஏற்படுத்தியது. அதற்கு நல்ல பயனும் உண்டு. மடிக்கணினியைத் திருடியவன் சேமிப்பகத்தை அழித்தாலும், அதனைத் தேடிப்பிடிக்க உதவும் நிரல் அழியாதிருக்கும். வாயிற்காவலனுக்கென வைத்த சிறு கதவால் வேண்டாத விருந்தாளியும் நுழைந்துவிடுகிறான் என்பதே குறை. அவ்வசதி விண்டோஸ் 11 இலும் உள்ளது. எனவே, நிறுவி முடிந்ததும் பயோஸின் புதிய பதிப்பு உண்டா என்று தயாரிப்பாளரின் தளத்திற் பார்த்தலும், தயாரிப்பாளரின் நிரலைத் தானாக நிறுவும் தெரிவு பயோஸ் பட்டியலில் இருப்பின் அதனை நிறுத்திவிடுதலும் தூய நிறுவலின் பகுதியாகவே கொள்ளத்தக்கன. பயோஸைப் புதுப்பிக்கும்போது மின்சாரம் நின்றால் மடிக்கணினியே எழும்பாது போகலாம். மின்கலம் நிறைந்திருக்க, மின்னிணைப்பும் இருக்கும் வேளையில்தான் அதனைச் செய்தல் வேண்டும்.

இறுதியாக இருப்பவை சிறு வேலைகள். நேர வலயப் பட்டியலில் இலங்கையர் கொழும்பைத் தேடிக் களைப்பர். விண்டோஸ் அதனை ஸ்ரீ ஜயவர்தனபுர என்ற பெயரிலேயே வைத்திருக்கிறது. தமிழ் விசைப்பலகையை மொழி அமைப்பிற் சேர்த்துக்கொள்ளலாம். அடுத்து, சேமிப்பகம் மறையாக்கம் செய்யப்பட்டுள்ளதா என்று பார்த்தல் வேண்டும். விண்டோஸ் 11 இல் மைக்ரோசொப்ட் கணக்கோடு நுழைவோருக்குப் பெரும்பாலும் இது தானாகவே நடந்துவிடுகிறது. பின்னொருநாள் பயோஸிலோ உறுப்புகளிலோ மாற்றம் நேர்ந்தால், கணினி 48 இலக்கங்கொண்ட மீட்பு எண்ணைக் கேட்கும். அதனைக் கொடாதவருக்குத் தம் கோப்புகள் தமக்கே கிட்டா. அவ்வெண் அவரவர் மைக்ரோசொப்ட் கணக்கில் இருக்கும். அன்றைய தினமே அதனைப் பார்த்துத் தாளில் எழுதி, வீட்டு உறுதியும் பிறப்புச் சான்றிதழும் கிடக்கும் பெட்டியில் வைத்துவிட்டால், அதன்பின் மகனின் பரீட்சைக் குறிப்புகளைக் கணினியில் ஏற்றலாம்.