மீன் ஏறும் நாள்

ஆனி பிறக்கும் நேரத்தில் மேற்கே சாரல் பிடிக்கும். பாபநாசம் அணையில் கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறப்பார்கள். கலங்கல் ஆற்றில் இறங்கிவிட்டது என்ற சேதி பரவினால் போதும், அணைக்கட்டுகளின் கீழே தூண்டிலும் வீச்சுவலையுமாக ஆட்கள் கூடிவிடுவார்கள். புதுத்தண்ணீரை எதிர்த்து மீன் ஏறும் நாள் அது. வயிறு நிறையச் சினையோடு வரும் கெண்டையும் கெளுத்தியும் கட்டுக்கு அடியில் மேலே போக வழி தேடி மோதிக்கொண்டிருக்கும். பிடிப்பது சுலபம். சினை மீன் என்றால் வாங்குகிறவர்களும் விலை பார்ப்பதில்லை.

தாமிரபரணியின் மீன்களைப் பற்றி ஓர் ஆண்டில் தெரிந்துகொள்ள வேண்டியதில் பெரும்பகுதி இந்தச் சில நாட்களில்தான் கண்ணுக்கு அகப்படுகிறது. அதைப் பார்ப்பவர்கள் ஆய்வாளர்கள் அல்ல, தூண்டில்காரர்கள். அவர்கள் பார்ப்பது எழுத்தில் ஏற வேண்டும் என்பதே என் விருப்பம்.

குளிர்நாடுகளில் பல மீன்கள் ஏறுவது வசந்தத்தில். பனி உருகி, ஆறு மெல்லச் சூடேறும்போது கடலிலிருந்து மீன் கூட்டம் புறப்படும். நமக்கு மழைதான் கணக்கு. தாமிரபரணிக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் ஆனி, ஆடியில் ஒரு முறையும் ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு முறையும் ஆறு பெருகுகிறது. தண்ணீர் குளிர்வது, கலங்குவது, மண் வாசம் ஏறுவது, ஓட்டம் வேகமெடுப்பது எல்லாம் சேர்ந்துதான் மீனின் உடம்புக்குள் முட்டையைப் பக்குவப்படுத்துகின்றன. ஆற்றோட்டம் இல்லாத குளத்தில் ரோகு, கட்லா போன்ற பெருங்கெண்டைகள் சினை பிடித்தாலும் முட்டையிடுவதில்லை. 1957 ஜூலை 10 அன்று ஹிராலால் சௌத்ரி, பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசியாகப் போட்டு இந்தியக் கெண்டைகளை முட்டையிட வைத்துக் காட்டினார். ஜூலை 10-ஐத் தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுவது அதனால்தான். ஆறு சும்மா செய்துகொண்டிருந்த வேலையை ஊசியால் செய்ய முடிந்ததற்கு ஒரு தினம்!

இப்போது தாமிரபரணியில் மீனை ஏறச் சொல்லும் சைகையை மழை மட்டும் கொடுப்பதில்லை. பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளின் ஷட்டர்களும் கொடுக்கின்றன. திறந்தால் மீன் ஏறுகிறது. கரையோரப் புல்லிலும் கூழாங்கல் மேட்டிலும் முட்டையிட்ட நேரத்தில் திடீரென்று மூடினால் முட்டைகள் வெயிலில் காய்ந்துபோகும். எந்தத் தேதியில் திறந்தார்கள், எந்தத் தேதியில் மீன் ஏறியது என்ற இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்தால்தான், தண்ணீரைப் படிப்படியாகக் குறையுங்கள் என்று நீர்வளத்துறையிடம் கேட்க நம்மிடம் ஓர் ஆதாரம் இருக்கும்.

கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று இந்த ஆற்றில் எட்டு அணைக்கட்டுகள். பழையவை உயரம் குறைந்தவை. நல்ல வெள்ளம் வந்து கட்டு முழுகினால் மீன் தாண்டிவிடும். கடைசியாக, 1870களில் வெள்ளைக்காரர் காலத்தில் எழுந்த ஸ்ரீவைகுண்டம் கட்டுதான் கடலிலிருந்து வருபவற்றுக்கு இந்த எட்டில் முதல் சுவர். புன்னைக்காயல் முகத்துவாரம் வழியாக வரும் மடவையும் கொடுவாயும் அங்கேதான் வந்து முட்டுகின்றன.

தடை என்ன செய்யும் என்பதைக் காவிரி ஏற்கெனவே காட்டிவிட்டது. வங்காளிகள் இலிஷ் என்று கொண்டாடும் உள்ளம் மீன் ஒரு காலத்தில் கொள்ளிடம் வழியாக ஏறி வந்தது. 1836-ல் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணை அதை மறித்தது. அணைக்கட்டுகளால் மீன்வளம் கெடுகிறதா என்று மீனியலாளர் பிரான்சிஸ் டே அரசுக்காக ஆராய்ந்து, 1873-ல் அறிக்கை கொடுத்தார். மீன் ஏணியெல்லாம் வைத்துப் பார்த்தார்கள். 1934-ல் மேட்டூர் அணை வந்தபின் வெள்ளமே ஒடுங்க, உள்ளத்தின் ஏற்றமும் ஒடுங்கியது. 1975-ல் பராக்கா தடுப்பணை கங்கையில் அதையே செய்தது. அலகாபாத் வரை போன இலிஷ் வங்காளத்தோடு நின்றது. பராக்காவுக்கு மேலே இலிஷைக் கொண்டுபோய் விட்டு, சிலவற்றுக்கு அடையாளப் பட்டை மாட்டி, எவ்வளவு தூரம் போகிறது என்று மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தினர் இப்போது பார்த்துவருகிறார்கள்.

விலாங்கின் பாதை தலைகீழ். அது ஆற்றில் வளர்ந்து, வருடக்கணக்கில் இங்கேயே வாழ்ந்து, இனப்பெருக்கத்துக்காக வெள்ள இரவுகளில் கடலுக்கு இறங்குகிறது. ஆழ்கடலில் பிறக்கும் குஞ்சு இலை மாதிரி தட்டையாக மிதந்து வந்து, கரை நெருங்கும்போது கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் சிறு விலாங்காக உருமாறி ஆற்றில் நுழைகிறது. நீர் கசியும் சுவரில் அது ஊர்ந்தே ஏறிவிடும். ஆகவே ஸ்ரீவைகுண்டத்தில் ஈரக்கல்லில் விரல் நீளத்தில் ஏதாவது நெளிந்தால் அதைத் தூண்டில் இரையாக்காமல் ஒரு படம் எடுத்து வையுங்கள். அது கடலில் பல மாதம் பயணப்பட்டு வந்த உயிர்.

மேலே மலையில் கதை வேறு. இந்த ஆற்றின் பெயரையே அறிவியல் பெயராகத் தாங்கிய சிறு கெண்டை ஒன்று உண்டு. 1954-ல் ஈ.ஜி. சைலாஸ் விவரித்த அதன் பெயர் டாகின்சியா தாம்பிரபர்ணியை (Dawkinsia tambraparniei). உலகில் இந்த ஆற்றைத் தவிர வேறெங்கும் அது இல்லை. அது அழியும் ஆபத்தில் உள்ள மீன்களின் பட்டியலில் இருக்கிறது. ஆழ்வார்குறிச்சியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் மையத்தார் இந்த மலை ஓடைகளின் மீன்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள். இம்மாதிரி மீன்களுக்கு மணலும் கூழாங்கல்லும்தான் தொட்டில். கம்யூனிஸ்ட் தலைவர் தோழர் நல்லகண்ணு தானே வாதாடி, 2010-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தாமிரபரணியில் மணல் அள்ள ஐந்தாண்டுத் தடை வாங்கியபோது, அது தண்ணீருக்கான தீர்ப்பாகவே பேசப்பட்டது. மீன் குஞ்சுகளுக்கும் அது தீர்ப்புதான்.

ஏறும் மீனை எண்ணி எழுதுவது எப்படி? அமெரிக்காவில் கொலம்பியா ஆற்றின் பொன்னவில் அணையில் 1938 முதல் ஏணி வழியே ஏறும் சால்மன்களை எண்ணுகிறார்கள். இப்போது கண்ணாடி ஜன்னலில் உட்கார்ந்து எண்ணி, நாள்தோறும் வெளியிடுகிறார்கள். தூண்டில்காரர்கள் அதைப் பார்த்துத்தான் கிளம்புகிறார்கள். நமக்கு ஜன்னல் வேண்டாம். மாசச்சூசெட்ஸ் ஓடைகளில் தன்னார்வலர்கள் பத்து நிமிடம் நின்று ஹெர்ரிங் மீன்களை எண்ணுவது போலச் செய்தால் போதும். ஒரே இடம், ஒரே நேரம், பத்து நிமிடம். கட்டைத் தாண்டியவை எத்தனை, தாவித் தோற்றவை எத்தனை, என்ன மீன், சினை உண்டா, நீர் கலங்கலா தெளிவா. பறவைகளுக்கு இது இங்கே நடக்கிறது. மணிமுத்தாறில் இருக்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் 2011 முதல் தாமிரபரணிக் குளங்களில் நீர்ப்பறவைகளைப் பொதுமக்களோடு சேர்ந்து எண்ணிவருகிறது. குளத்துக்கு வரும் பறவைகளில் பல மீனை நம்பித்தான் வருகின்றன.

ஏற்றம் எப்போது என்று தெரிந்தால் எல்லோரும் வலையோடு ஓடுவார்களே என்ற பயம் நியாயமானது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் புதுமழையில் ஏறும் மீனைப் பிடிப்பதற்கு ‘ஊத்த’ என்று பெயர். 2010-ல் வந்த உள்நாட்டு மீன்வளச் சட்டம் அங்கே அதைக் குற்றமாக்கியது. நம் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் நிற்கின்றன. மீனவர்கள் அந்த 61 நாள் கஷ்டத்தை ஏற்றுக்கொள்கிறார்கள். ஆற்றில் பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுகிறவர் கலங்கல் வந்த முதல் வாரம் மட்டும் அதைச் சுருட்டி வைக்கலாம். அணைக்கட்டுக்குக் கீழே ஒரு கூப்பிடு தூரத்துக்கு வலை வீசுவதில்லை என்று ஊர்க்கூட்டத்தில் பேசி முடிவெடுக்கலாம். ஒரு பருவம் பொறுத்தால் மறுகால் பாயும் குளங்களிலெல்லாம் குஞ்சு போய்ச் சேரும். அதன்பின் பிடிப்பதற்கு நிறையவே இருக்கும்.

பாபநாசம் இத்தனை அடி, மணிமுத்தாறு இத்தனை அடி என்று நெல்லைப் பதிப்பு நாளிதழ்கள் தினமும் போடுகின்றன. அதன் கீழே ‘சுத்தமல்லியில் மீன் ஏற்றம்: இத்தனை’ என்று ஒரு வரி சேர்க்க இடம் இருக்கிறது. வரும் ஆனியில் ஓர் அணைக்கட்டில் தொடங்கினால் போதும்.