பிடோக் முரசும் தெங்கா விமானமும்

சிங்கப்பூரில் எங்கள் வட்டாரமான பிடோக்கின் பெயருக்குச் சொல்லப்படும் காரணங்களில் எனக்குப் பிடித்தது முரசு. மலாய்க்காரர்கள் தொழுகைக்கு அழைக்கவும், ஆபத்தென்றால் ஊரை எழுப்பவும் அடித்த பெரிய முரசு அது. அதன் ஓசை எட்டிய தூரம்தான் அன்று காவலின் எல்லை.

1941 டிசம்பர் 8, விடிவதற்கு முன். மலாயாவின் மெர்சிங்கில் இருந்த ரேடார், ஜப்பானிய விமானங்கள் சிங்கப்பூரிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர் தள்ளி வரும்போதே கண்டுகொண்டது. ஆனாலும் நகரத்தின் தெருவிளக்குகள் அணையவில்லை. 17 குண்டுவீச்சு விமானங்கள் அந்த வெளிச்சத்தைப் பார்த்தே வந்தன. 61 பேர் மாண்டார்கள். காவல் கண் விழித்திருந்த இரவில், தூங்கியபடியே செத்தவர்களை நினைத்தால் இன்றும் ஆறவில்லை.

பிற்பாடு சுதந்திர சிங்கப்பூருக்கு வேறொரு சிக்கல். தீவிலேயே உயரமான புக்கித் தீமா குன்று வெறும் 164 மீட்டர். அதன் உச்சியில் ரேடாரை வைத்தாலும், கடலை ஒட்டிப் பறந்து வரும் ஜெட்டை பூமியின் வளைவு மறைத்துவிடும். 50 கிலோமீட்டர் சொச்சத்துக்குள் வந்த பிறகே தெரியும். மிஞ்சுவது மூன்று நிமிடம். ஒன்பது கிலோமீட்டர் உயரத்திலிருந்து பார்த்தாலோ 390 கிலோமீட்டர் வரை கடல் திறந்து கிடக்கும்.

அதனால் 1987இல் ரேடாரைச் சுமந்து பறக்கும் நான்கு ஈ-2சி ஹாக்ஐ விமானங்கள் வந்தன. அமெரிக்கா தன் விமானந்தாங்கிக் கப்பல்களுக்காகச் செய்தவை. முதுகில் 7.3 மீட்டர் அகலத்தில் சுழலும் ரேடார் தட்டு. உள்ளே ஐந்து பேர். அந்தத் தட்டைச் சுமப்பது லேசான காரியமல்ல. 1999 ஜனவரியில் அரக்கோணம் அருகே, இந்தியா சொந்தமாக உருவாக்கிவந்த, இதேபோல் தட்டைச் சுமந்த சோதனை விமானம் விழுந்து எட்டுப் பேர் இறந்தார்கள்.

ஹாக்ஐகளுக்குப் பதிலாக இன்று தெங்கா விமானப்படைத் தளத்தில் இருப்பவை நான்கு ஜி550 ரேடார் விமானங்கள். 2012இல் முழுச் செயல்பாட்டுக்கு வந்தன. தட்டு கிடையாது, ஆண்டெனாக்கள் பக்கவாட்டிலும் மூக்கிலும் வாலிலும் பதிந்திருக்கின்றன. பெரும் செல்வந்தர்கள் பயணிக்கும் ஜெட்தான் மூலம்.

தெங்கா தீவின் மேற்குக் கோடி, பிடோக் கிழக்கு. ஆண்டுதோறும் பிப்ரவரி 15, மாலை 6.20க்கு, 1942இல் தீவு சரணடைந்த நாளின் நினைவாக எங்கள் வட்டாரத்திலும் அபாயச் சங்கு ஒலிக்கிறது. கேட்டதும் வேலையை நிறுத்திவிட்டு நிற்பேன்.