பாதியில் நின்ற கதைக்கு ஒரு திருப்பம்

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலருக்கு, ஒரு சிறுகதை டைப் செய்து பார்க்கலாமே என்ற ஆசை வருவதுண்டு. நான்கைந்து பக்கங்கள் வேகமாக ஓடும். பிறகு கதை நின்றுவிடும். கர்சர் மட்டும் கண் சிமிட்டிக் கொண்டிருக்கும். உடனே ஒரு விபத்தையோ, காணாமல் போன அண்ணனையோ உள்ளே கொண்டு வருவோம். கதை நகரும், ஆனால் படிப்பவர் நம்பமாட்டார்.

நல்ல திருப்பம் என்பது நாம் ஏற்கெனவே படித்ததற்கு வேறு அர்த்தம் தருவது. அகதா கிறிஸ்டியின் ‘ரோஜர் அக்ராய்டின் கொலை’ (1926) இதற்கு நல்ல உதாரணம். அந்த நாவலை இனிமேல்தான் படிக்கப் போகிறீர்கள் என்றால் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

அதில் கதை சொல்லும் டாக்டரே கொலையாளி. கொலை நடந்த பத்து நிமிடங்களை மட்டும் அவர் சொல்லாமல் நகர்ந்துவிடுகிறார். முதல் முறை நம் கண்ணில் படாத அந்த இடைவெளி, முடிவு தெரிந்து மறுபடி படிக்கும்போது பளிச்சென்று தெரிகிறது.

ஆக, திருப்பம் வருவது எட்டாம் பக்கத்தில் என்றாலும், அதற்கான வேலை இருப்பது இரண்டாம் பக்கத்தில். கையால் எழுதினால் அத்தனையையும் திரும்ப எழுத வேண்டும். வேர்டு அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸ் ரைட்டர் இருந்தால் இது எளிது.

ஒரு கதையை எடுத்துக்கொள்வோம். பாட்டியின் மோதிரத்தைக் காணோம். வீட்டில் எல்லோரும் வேலைக்காரப் பெண்ணைச் சந்தேகிக்கிறார்கள். கதை இங்கே நிற்கிறது. திருப்பம்: பேரனின் கல்லூரிக் கட்டணத்துக்காகப் பாட்டியே அதை அடகு வைத்துவிட்டார்.

1. முதலில் நகல்

எதையும் மாற்றும் முன் ஃபைல் மெனுவில் சேவ் அஸ் கிளிக் செய்து, ‘மோதிரம் 2’ என்று புதுப் பெயர் கொடுங்கள். நான் ஒருமுறை இதைச் செய்யாமல், நள்ளிரவில் பழைய ஃபைலிலேயே முடிவை மாற்றி, சேவ் செய்து மூடிவிட்டேன். காலையில் பார்த்தால் பழைய முடிவே மேல் என்று தோன்றியது. ஃபைலை மூடிய பிறகு கண்ட்ரோல் இசட் உதவாது. அந்தக் கதையை நான் முடிக்கவே இல்லை.

2. தேடுங்கள்

கண்ட்ரோல் விசையுடன் எஃப் விசையை அழுத்துங்கள். ‘மோதிரம்’ என்று தேடினால் ‘மோதிரத்தை’ கிடைக்காது. ‘மோதிர’ என்று மட்டும் டைப் செய்யுங்கள், இரண்டும் கிடைக்கும்.

3. தடயம் வையுங்கள்

தடயம் தேவைப்படும் இடங்களில் இன்சர்ட் பகுதியில் உள்ள கமெண்ட் மூலம் ஓரத்தில் குறிப்பு எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றாகத் திருத்துங்கள். எல்லோரும் அந்தப் பெண்ணைத் திட்டும்போது பாட்டி மட்டும் வாய் திறக்கவில்லை என்று ஒரு வரி சேர்த்தால் போதும். முதலில் அது வருத்தமாகத் தெரியும். முடிவு தெரிந்தபின் குற்ற உணர்வாகத் தெரியும். மோதிரம் எங்கே என்ற கேள்வி, ஒரு ஏழைப் பெண் பழி சுமக்கப் பாட்டி எப்படிச் சம்மதித்தார் என்ற கேள்வியாக மாறிவிடுகிறது. கதைக்கு உயிர் வருவது இங்கேதான்.

4. ரீப்ளேஸ் ஆல் வேண்டாம்

பேரன் ரவியைக் குமார் ஆக்க நினைத்து ரீப்ளேஸ் ஆல் கொடுத்தால், ‘ரவிக்கை’ கூட ‘குமார்க்கை’ ஆகிவிடும்! ஒவ்வொன்றாகப் பார்த்தே மாற்றுங்கள்.

கடைசியாக, முதல் பக்கத்திலிருந்து ஒருமுறை படியுங்கள். புதிய முடிவுக்கு ஒத்துவராத வரி எங்காவது தட்டுப்பட்டால் திருத்துங்கள். பிடிக்கவில்லையா? கவலை வேண்டாம். பழைய ஃபைல் அப்படியே இருக்கிறது.