எஸ்.எஸ்.டி. மாட்டியும் லேப்டாப் மந்தமா?
வணிகர்கள் கவனிக்க வேண்டிய சில விவரங்கள்

கோவை ரங்கே கவுடர் வீதி மொத்தக் கடைகளிலும், பொள்ளாச்சி, ஈரோடு வட்டார மளிகைக் கடைகளிலும் சிட்டையும் பேரேடும் கம்ப்யூட்டருக்குள் போய் வெகு நாளாகிறது. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்த பின் அது கட்டாயம் போலவே ஆகிவிட்டது. மாதந்தோறும் தாக்கல் செய்வோருக்கு 11-ந் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-1, 20-ந் தேதி 3பி. வரி உள்ள 3பி தாமதமானால் நாளொன்றுக்கு 50 ரூபாய் கட்டணம், வரிக்கு 18 சதவீத வட்டி வேறு. அந்த நேரத்தில் லேப்டாப் திணறினால் நஷ்டம் நமக்குத்தான்.

பழைய ஹார்ட் டிஸ்க்கில் தகடு சுழன்று, முள் நகர்ந்து, ஒவ்வொரு கணக்கையும் தேடி எடுக்க வேண்டும். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகமே இல்லை. ஆகவே சில்லறைச் சில்லறையாக எடுக்கும் பில், இருப்புக் கணக்கு வேலைகளில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஆனாலும் கொடுத்த காசுக்கு முழு வேகம் கிடைக்கச் சிலவற்றைப் பார்த்தாக வேண்டும்.

1. இணைப்பு: சாட்டா இரண்டாம் தலைமுறை இணைப்பில் நொடிக்கு 300 எம்.பி.க்கு மேல் போகாது. மூன்றாம் தலைமுறையில் சுமார் 550 கிடைக்கும். என்.வி.எம்.இ. வகை 3,000-ஐயும் தாண்டும். ஆனால் அதற்குரிய இடம் லேப்டாப்பில் இருக்க வேண்டும். எம்.2 வடிவம் ஒன்றாக இருந்தாலும் சாட்டா, என்.வி.எம்.இ. என இரு வகை உண்டு. மாடல் எண்ணைக் காட்டிக் கேட்டு வாங்குங்கள்.

2. பயாஸ்: பழைய லேப்டாப்பில் டிஸ்க் முறை ஐ.டி.இ. என்றிருந்தால் வேகம் குறையும், ஏ.எச்.சி.ஐ. என்றிருக்க வேண்டும். விண்டோஸ் போட்ட பிறகு முன்னேற்பாடின்றி மாற்றினால் கம்ப்யூட்டர் கிளம்பாமல் போகலாம். மெக்கானிக்கைக் கொண்டு செய்வதே நல்லது.

3. காலி இடம்: மூட்டை அடைத்த குடோனில் புதுச் சரக்கு இறக்க, முதலில் பழையதை நகர்த்த வேண்டுமல்லவா? எஸ்.எஸ்.டி.யும் அப்படித்தான். எழுதிய இடத்தின் மேலேயே எழுத அதனால் முடியாது; தொகுதியாக அழித்த பிறகே எழுதும். ஆகவே ஐந்தில் ஒரு பங்காவது காலியாக வையுங்கள்.

4. ட்ரிம்: அழித்த ஃபைல்களின் இடம் காலி என்று விண்டோஸ் டிஸ்க்குக்குச் சொல்லும் ஏற்பாடு இது. விண்டோஸ் 7 முதல் உண்டு. எக்ஸ்.பி.யில் இல்லை.

இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. ட்ரிம் நடந்தபின், தவறி அழித்த கணக்கை மீட்பது அநேகமாக முடியாது. எஸ்.எஸ்.டி. பழுதானால் பெரும்பாலும் முன்னறிவிப்பும் இராது. ஜி.எஸ்.டி. சட்டமோ ஆண்டுக் கணக்குத் தாக்கல் கெடு முடிந்து 72 மாதங்கள் கணக்கைப் பாதுகாக்கச் சொல்கிறது. எனவே டிஸ்க் மாற்றும் முன்பே பிரதி எடுங்கள். அதன்பின் தினமும் கல்லா கட்டும்போது ஒரு பிரதி. வாரம் ஒரு பிரதி கடைக்கு வெளியே, வீட்டில்.

வேகம் வியாபாரத்துக்கு நல்லதே. கணக்கு பத்திரமாக இருப்பது அதைவிட முக்கியம் என்பதை வணிகப் பெருமக்கள் மனதில் கொள்ள வேண்டுகிறோம்.