'தாயகம் திரும்பியோர்' என்னும் சொல்லாட்சி: யூதரின் மீட்சியும் ஊவாத் தோட்ட மக்களின் பயணமும்

இலங்கைத் தோட்டங்களிலிருந்து இந்தியா சென்ற தொழிலாளரைத் தமிழ்நாட்டு அரசு 'தாயகம் திரும்பியோர்' எனக் குறிப்பிட்டு வந்துள்ளது. இத்தொடரைக் கேட்கும் கிறித்தவர் ஒருவருக்கு, யூதர் பாபிலோனிலிருந்து மூதாதையரின் மண்ணுக்கு மீண்ட விவிலிய வரலாறு நினைவில் எழுதல் இயல்பே. அவ்வொப்புமை எவ்வளவு தூரம் பொருந்தும், எவ்விடத்திற் பிழைபடும் என்பதனைப் பதுளையையும் அதனைச் சூழ்ந்த பசறை, லுணுகலை, பண்டாரவளை, அப்புத்தளைத் தோட்டங்களையும் மனத்திற்கொண்டு நோக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 9,75,000 நாடற்றோரைக் கணக்கில் எடுத்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்பது பங்கீடு. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டின் உடன்படிக்கை சரிபாதியாகப் பிரித்தது. எண்ணிக்கை முடிவான பின்னரே மக்களின் விருப்பம் படிவங்களின் வாயிலாகக் கேட்கப்பட்டது.

கி. மு. 538இல் பாரசீக மன்னன் சைரசு விடுத்த ஆணை இவ்வகையினதன்று. எஸ்ரா நூலின்படி, உள்ளத்தில் இறைவனால் தூண்டப்பெற்றோரே புறப்பட்டனர். அந்நூல் அவர்தம் தொகையை 42,360 என்கிறது. புறப்படாது தங்கியவரும் பலர். தங்கியோரின் வழிவந்த சமுதாயமே பல நூற்றாண்டுகளின் பின்னர்ப் பாபிலோனியத் தல்மூதைத் தொகுத்தளித்தது. ஆகவே, மீள்வது போலவே தங்குவதும் இறைமக்களுக்குரிய வழியாகவே இருந்தது. நாடுகடத்தப்பட்டோருக்கு எரேமியா எழுதிய மடலும் இதனையே உணர்த்துகின்றது. வீடு கட்டுங்கள், தோட்டமிடுங்கள், நீங்கள் வாழும் நகரின் நலனுக்காக மன்றாடுங்கள் என்பதே அம்மடலின் சாரம். ஊவாவின் மலைச்சரிவுகளில் முதலிற் கோப்பியையும் பின்னர்த் தேயிலையையும் நட்டு, பெற்றோரையும் பிள்ளைகளையும் அச்சரிவுகளிலேயே புதைத்து வாழ்ந்த மக்கள் அம்மடலைப் படித்தவரல்லர். எனினும் அதன்படியே வாழ்ந்தனர். தோட்டமிட்டனர் என்பது உண்மை. வீடுதான் அவர்களுக்குச் சொந்தமாக வாய்க்கவில்லை. லயத்து அறை துரைமாருக்குரியதாகவே இருந்தது.

எஸ்ரா நூலின் இரண்டாம் அதிகாரத்தில், வழிபாட்டிற் பெரும்பாலும் வாசிக்கப்படாத பகுதியொன்று உண்டு. மீண்டு வந்தோருட் சிலரால் தம் தந்தையர் குடும்பத்தை நிறுவ இயலவில்லை. குருக்கள் குலத்தினர் சிலர் தலைமுறை ஏட்டில் தம் பெயரைத் தேடிக் காணாமையால் குருத்துவத்திலிருந்து விலக்கப்பட்டனர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தை அறிந்தவருக்கு இப்பகுதி புதியதாகத் தோன்றாது. தந்தை இலங்கையிற் பிறந்ததை நிறுவுக என அச்சட்டம் கேட்டது. பிறப்புப் பதிவே ஒழுங்காக நடைபெறாத தோட்டங்களில் அதற்குச் சான்று ஏது? 1949ஆம் ஆண்டின் சட்டம் இடையறாத வதிவிற்குச் சான்று கோரிற்று. அதன் கீழ் எட்டு இலட்சத்திற்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பிக்கப்பட்டும், ஏறத்தாழ 1,34,000 பேரே குடியுரிமை பெற்றனர். ஏடு இல்லாதவன் எம்மவன் அல்லன் என்பது எருசலேமிலும் கொழும்பிலும் ஒரே தருக்கமாகவே இருந்துள்ளது.

பயணத்தின் இயல்பும் சிந்திக்கத்தக்கது. தலைமன்னாரை நோக்கிச் சென்ற புகையிரதத்தை மலையக மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றனர். மகள் இலங்கைப் பிரசை, தாய் இந்தியப் பிரசை எனப் பிரிந்த குடும்பங்கள் பல. கடலைக் கடந்தோர் மண்டபம் முகாமில் தங்கி, அங்கிருந்து பல மாவட்டங்களுக்கும் அனுப்பப்பட்டனர். ஒரு பகுதியினருக்காக 1968இல் நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. மலையிலிருந்து புறப்பட்டவர் மற்றொரு மலையில் அதே கொழுந்தைப் பறித்தனர். இங்கே 'இந்தியாக்காரர்' எனப்பட்டோர் அங்கே 'சிலோன்காரர்' ஆயினர்.

இனி, 1948ஆம் ஆண்டைக் கருதுவோம். மே 14இல் இஸ்ரேல் அரசு பிரகடனம் செய்யப்பட்டது. அவ்வாண்டின் இறுதிக்குள் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. சிதறிய ஓர் இனம் நாடு பெற்ற ஆண்டிலேயே உழைத்த ஓர் இனம் நாடிழந்தது. இஸ்ரேலின் 1950ஆம் ஆண்டுச் சட்டம் உலகின் எப்பகுதி யூதருக்கும் திரும்பும் உரிமையை வழங்கியது. கொச்சி யூதரிற் பெரும்பாலோர் அதன்வழிச் சென்றனர். ஐரோப்பாவில் அறுபது இலட்சம் யூதர் கொல்லப்பட்டதன் பின்னர் அவ்வுரிமையின் தேவையை மறுப்பது கடினம். ஆயின் அவ்வரசு உருவான போரிலே ஏறத்தாழ ஏழு இலட்சம் பாலஸ்தீனர் வீடிழந்தனர். அவருட் கிறித்தவரும் இருந்தனர். இதனைப் பேசாது 'வாக்களிக்கப்பட்ட நாடு' பற்றி மட்டும் பேசும் இறையியல் குறையுடையது என்பதே என் கருத்து. ஊவாவிலும் நிலத்துக்கு முந்திய வரலாறு உண்டு. 1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சி அடக்கப்பட்ட மண் இது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டம் பெருந்தோட்டங்களுக்கு வழிவகுத்தது. கண்டிச் சிங்கள விவசாயியின் மனக்குறை மெய்யானது. அதற்குக் காரணர் தொழிலாளர் அல்லர் என்பதும் மெய்யே.

திருச்சபையின் பங்கு கலப்பானது. 1854இல் தோட்டங்களில் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் துரைமாரின் ஆதரவில் வளர்ந்தது. துரைமாரைக் கண்டிக்க அதனால் எங்ஙனம் இயலும்? இதற்கு மாறாக, 1972இல் பதுளை மறைமாவட்டம் உருவானபோது, கண்டி ஆயர் பதவியை விட்டு அதன் முதல் ஆயராக வந்த லியோ நாணயக்கார ஏழைகளின் நடுவே திருப்பணியை அமைக்க முயன்றார்.

இலக்கியம் வேறொரு விடையைத் தந்தது. பதுளைப் பகுதித் தோட்டப் பாடசாலையொன்றில் ஆசிரியராயிருந்து அத்தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு இணைத்துக்கொண்ட கத்தோலிக்க எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப் (1934–2022), தம் சிறுகதைத் தொகுதிக்கு 'நாமிருக்கும் நாடே' எனப் பெயரிட்டார். தாயகத்தை மூதாதையரின் ஊரில் தேடாது இருக்கும் இடத்திற் காணும் தலைப்பு அது.

1988, 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் இலங்கையில் எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கின. ஆயின் 1983 யூலையிற் பதுளை நகரும் எரிந்தது. அவ்வாண்டுக்குப் பின் ஏதிலிகளாகத் தமிழ்நாடு சென்றோருள் மலையக வழியினரும் உளர். அவருள் 65 பேர் இந்தியக் குடியுரிமை கோரித் தொடுத்த வழக்கில், மதுரையில் அமர்ந்த சென்னை உயர்நீதிமன்றம் 2019 யூனில் அவர்தம் விண்ணப்பங்களைப் பரிசீலிக்குமாறு பணித்தது. பாட்டனாரின் ஊர் அவர்களுட் பலருக்குச் சில மணி நேரப் பேருந்துப் பயணத் தொலைவிலேயே உள்ளது.